வண்ணக்கன் முதல் இ-ரூபாய் வரை



போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏரிக்கரைப் பக்கம் போயிருந்தேன். அங்கே மிளகும் காபித்தூளும் விற்கும் என் பழைய மாணவன் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். கூட்ட நேரத்தில் யாரோ ஒருவர் 1,240 ரூபாய்க்குச் சாமான் வாங்கி, செல்போனில் பச்சை டிக்கைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். இரவு கணக்குப் பார்த்தால் பணம் வரவே இல்லை. "சார், நோட்டுன்னா வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பேன். இதை எப்படி சார் பார்க்கிறது?" என்று கேட்டான். அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

காசு புழங்கிய இடமெல்லாம் கள்ளக்காசும் புழங்கியது. காசை நோட்டம் பார்ப்பவருக்குத் தமிழில் வண்ணக்கன் என்று பெயர். புறநானூற்றுப் புலவர்களில் வடமவண்ணக்கன் தாமோதரனார் என்றே ஒருவர் உண்டு. அந்தத் தொழில் அவ்வளவு பழையது. காகித நோட்டு வந்த பின் வாட்டர்மார்க்கும் பாதுகாப்பு இழையும் வண்ணக்கனுக்கு உதவிக்கு வந்தன.

ஆனால் கம்ப்யூட்டரில் இருக்கும் பணத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நான் உங்களுக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தால் அது என் கையை விட்டுப் போய்விடும். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினால் அது என்னிடமும் இருக்கும். அதையே இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பலாம். பணமும் அப்படி ஆனால் ஒரே ரூபாயை இரண்டு கடையில் செலவழிக்கலாமே! இதைத்தான் இரட்டைச் செலவு என்கிறார்கள்.

வணிகர்களுக்கு இது புதிதல்ல. கப்பல் தபால் தொலைந்துவிடும் என்று ஒரே மாற்றுச்சீட்டை இரண்டு மூன்று பிரதிகளாக அனுப்பும் வழக்கம் இருந்தது. ஒன்றுக்குப் பணம் கொடுத்தால் மற்றவை செல்லாது. நம் நாட்டின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலும் இந்த விதி இருக்கிறது.

1980களில் டேவிட் சாம் என்ற அமெரிக்கர் இதற்கு டிஜிட்டல் வழி கண்டார். வங்கியின் டிஜிட்டல் கையொப்பம் கள்ளத்தைத் தடுக்கும். செலவான எண்களை வங்கி குறித்து வைத்துக்கொண்டால், அதே எண் மறுபடி வரும்போது பிடிபடும். ஆனால் அவருடைய டிஜிகேஷ் நிறுவனம் 1998இல் திவாலானது.

2008இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் பிட்காயின் திட்டம் வெளியானது. அதில் பேரேடு ஒருவர் கையில் இல்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரே கணக்கைத் தங்கள் நோட்டில் எழுதி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் அழித்து எழுதினால் மற்ற முப்பத்தொன்பது நோட்டும் காட்டிக்கொடுத்துவிடும். சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேரும். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் முத்திரை இருக்கும். பழைய பக்கத்தைத் திருத்தினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாப் பக்கங்களையும் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு ஆகும் கம்ப்யூட்டர் உழைப்பும் மின்சாரமும்தான் பூட்டு.

நம் ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான இ-ரூபாயைச் சோதனையாகத் தொடங்கியது. முதலில் மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வர் ஆகிய நான்கு நகரங்களில் வந்தது. இங்கே பொறுப்பு ரிசர்வ் வங்கியுடையது. யுபிஐயில் வங்கிக் கணக்குகள்தான் பேரேடு.

இத்தனை வழிகளுக்கும் அடிப்படை ஒன்றே. கையொப்பம் கள்ளத்தைத் தடுக்கும். இரட்டைச் செலவைப் பேரேடு தடுக்கும். என் மாணவன் ஏமாந்தபோது பேரேடு பிழை செய்யவில்லை. அவன் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகையால் கடை வைத்திருக்கும் என் பிள்ளைகளே, அடுத்தவர் போனில் தெரிவது படம். உங்கள் கணக்கில் ஏறியதுதான் பணம். மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வாடிக்கையாளரை இரண்டு நிமிடம் நிற்கச் சொல்வதில் வெட்கமில்லை. அந்தக் காலத்து வண்ணக்கனும் அப்படித்தான் நிற்க வைத்திருப்பான்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்