லயத்து மண்ணுக்குள் தங்கம் இல்லை

போன வருஷம் எங்கள் டிவிஷனில் புது வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டினார்கள். பழைய லயத்துக் கோடிப்பக்கம் இருந்த இடம் அது. பெக்கோ அள்ளிப்போட்ட மண் குவியலில் சித்தப்பா கையில் ஒரு பச்சை பிடித்த காசு தட்டுப்பட்டது. கொண்டுவந்து புளி போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி தலை. மறுபக்கம் தென்னையோ பனையோ மாதிரி ஒரு மரம். வருஷம் 1870. ஐந்து சதம்.

அன்று பின்னேரமே "அங்க புதையல் இருக்காம்" என்ற கதை பெரட்டுக்களம் வரைக்கும் போய்விட்டது. துரை பங்களாவுக்குக் கீழே வெள்ளைக்காரன் தங்கம் புதைத்துவிட்டுப் போனான் என்ற பழைய கதை மறுபடியும் உயிர் பிடித்தது. இரண்டு பொடியன்கள் கொழும்பில் 'ஸ்கேனர்' வாடகைக்கு எடுக்கலாமா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். நம்ம நாட்டுச் செய்திகளில் வாராவாரம் வருமே, "புதையல் தோண்ட முற்பட்ட நால்வர் கைது" என்று, அந்தப் பட்டியலில் எங்கள் தோட்டத்தின் பெயரும் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

நான் படிப்பது வரலாறு. அதனால் எனக்கு வந்த கேள்வி வேறு. எங்கள் மண்ணில் உண்மையிலேயே என்ன இருக்க முடியும்?

மெட்டல் டிடெக்டர் ஒரு முட்டாள் கருவி. உலோகம் இருந்தால் கத்தும், அவ்வளவுதான். அது எதைப் பார்த்துக் கத்தும் என்பதை அந்த ஊரின் வரலாறு முன்பே தீர்மானித்துவிட்டது. 1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹொக்ஸ்ன் கிராமத்தில் எரிக் லோஸ் என்பவர் வயலில் தொலைந்துபோன ஒரு சுத்தியலைத் தேடி டிடெக்டரோடு போனார். கிடைத்தது சுமார் 15,000 ரோமக் காசுகளும் தங்க நகைகளும் வெள்ளிக் கரண்டிகளும். ஏன் அங்கே? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம ஆட்சி பிரித்தானியாவை விட்டுப் போனது. நாடு கலங்கிப்போன நேரம், வங்கி இல்லாத காலம், கையில் நிறையச் சொத்து வைத்திருந்த ஒரு குடும்பம். மூன்றும் சேர்ந்தால்தான் ஒருவர் பெட்டியைப் புதைப்பார். திரும்பி வர முடியாமல் போனால்தான் அது நமக்குக் கிடைக்கும்.

அதே கருவியை வன்னிக்குக் கொண்டுபோங்கள். அங்கே அது கத்தினால் யாரும் சந்தோஷப்படுவதில்லை. கண்ணிவெடியாக இருக்கலாம், வெடிக்காத ஷெல்லாக இருக்கலாம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஓடிப்போய் வன்னியில் குடியேறியவர்கள் நம்மவர்களும்தான். ஒரே கருவி, ஒரே தீவு. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கதை வேறு.

சரி, ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வருவோம்.

முதலில் ஒரு விஷயம். இந்த உயரத்தில் பெரும்பகுதி, இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் அடர்ந்த காடு. அநுராதபுரம், மன்னார், யாழ்ப்பாணம் மாதிரி ஆயிரம் இரண்டாயிரம் வருஷம் தொடர்ந்து சந்தை நடந்த, துறைமுகம் இருந்த மண் இல்லை. அதனால் பழைய காசுப் படிவம் இங்கே மெல்லியது. கனமான உலோகப் படிவம் தொடங்குவது பிரித்தானியர் காலத்தில், கோப்பித் தோட்டங்களோடுதான்.

அதற்குள்ளும் யார் எதைத் தொலைத்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். துரைமாரிடம் பணம் இருந்ததே, ஏன் புதைத்திருக்க மாட்டார்கள்? காரணம் லேசு. அவர்கள் சொத்து மண்ணில் இல்லை, தாளில் இருந்தது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த பதினைந்து வருஷத்தில் கோப்பி விழுந்தது. 1884இல் ஓரியன்டல் வங்கியே மூடப்பட்டது. அந்த வீழ்ச்சியில் தோட்டக்காரர்கள் இழந்தது கடன் பத்திரங்களையும் காணி உறுதிகளையும். டிடெக்டருக்குத் தாள் கேட்காது. அவர்கள் மண்ணில் விட்டுப்போனது குதிரை லாடம், பித்தளைப் பொத்தான், வேட்டைத் துப்பாக்கிக் குண்டு இப்படித்தான் இருக்கும். மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒரே ஆள் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மலை இது. இங்கே தங்கத்தைவிட ஈயம் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

நம்ம ஆட்கள்? கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலானோர் பருவத்துக்கு வந்து பருவம் முடிய ஊருக்குத் திரும்பியவர்கள். மிச்சம் பிடித்த வெள்ளிக் காசு மடியில் கட்டிக்கொண்டு ஊருக்கே போனது. அந்தக் காலத்து ரூபாய் நாணயமே இந்திய ரூபாய்தான். அது இரண்டு கரையிலும் செல்லும். எனவே கோப்பிக் காலத்துக் காசு அதிகம் கிடக்க வேண்டிய இடம் ஹட்டனே கிடையாது. மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்த அந்தப் பாதை. காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் மடியில் என்ன இருந்ததோ, அதோடேயே கிடக்கிறார்கள். 2023இல் மலையக மக்களின் 200 வருஷத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்தப் பக்கம்தான்.

தேயிலை வந்த பிறகு குடும்பமாகத் தங்கினார்கள். ஆனால் தங்கியவர்கள் கையில் காசு தங்கவில்லை. சம்பளத்தில் அரிசிக்கு வெட்டு, கங்காணி முற்பணத்துக்கு வெட்டு. செக்ரோலில் பேர் இருக்கும், கையில் பணம் இருக்காது. கடனில் இருந்தவன் எதைப் புதைப்பான்? இருந்த கொஞ்சம் சொத்தும் பொம்பளைகள் உடம்பில்தான் இருந்தது. தோடு, மூக்குத்தி, காலில் தண்டை. அதுவும் அடகுக் கடைக்குப் போய் வந்து, கடைசியில் வராமலே போனது. பீலிக்கரையில் குளிக்கும்போது கழன்று விழுந்த ஒரு மூக்குத்தித் திருகாணி வேண்டுமானால் எங்காவது சேற்றுக்குள் இருக்கலாம்.

அப்படியானால் இந்த மண்ணில் இருப்பது என்ன? வேலை இருக்கிறது. தேய்ந்த மம்பட்டி, கவ்வாத்துக் கத்தி, முள்ளுக்குத்தும் முள்ளு, சுரண்டி. கோப்பிக் காலத்தில் சில்லறைத் தட்டுப்பாட்டுக்காகக் கம்பெனிகள் தாங்களே அடித்துக் கூலியாகக் கொடுத்த டோக்கன்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள் சேர்த்துக் கொண்டுவரும்போது கொடுக்கப்பட்ட தகர டிக்கெட், அதாவது தோட்டத்து இலக்கமும் ஆளின் இலக்கமும் அடித்த சின்னத் தகர வில்லை. யோசித்துப் பாருங்கள், நம்ம கொள்ளுத்தாத்தாவின் பேர் எந்தத் தாளிலும் ஒழுங்காக இல்லை. ஆனால் அவர் இலக்கம் ஒரு தகரத்தில் இருந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து "நீ இங்கேதான் பரம்பரையாக இருந்தாய் என்பதற்கு ஆதாரம் காட்டு" என்று கேட்டபோது, காட்டத் தாள் இல்லாமல் நின்ற சனம் நாங்கள். 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 525,000 பேரை இந்தியாவுக்கு எழுதியது. ஆதாரம் முழுக்கக் காலடியில்தான் கிடந்தது. யாரும் அதை ஆதாரமாகப் பார்க்கவில்லை.

இப்பவும் பார்ப்பதில்லை. இலங்கையின் 1940ஆம் ஆண்டு தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் வரைவிலக்கணத்தில் 'தொல்பொருள்' என்றால் 1815 மார்ச் 2க்கு முந்தையது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. பிந்தைய கட்டடங்களைத் தேவைப்பட்டால் தனியாக அறிவித்துப் பாதுகாக்கலாம் என்று வழி வைத்திருந்தாலும், கோடு அங்கேதான் போடப்பட்டது. மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். சித்தப்பாவின் ஐந்து சதம் அந்த வரைவிலக்கணப்படி தொல்பொருளே இல்லை. அது வெறும் பழைய காசு.

அதனால் எங்கள் மலையில் உண்மையான டிடெக்டர் யார் தெரியுமா? "பழைய இரும்பு, பித்தளை, போத்தல்" என்று கத்திக்கொண்டு வரும் யாவாரி. அவருக்கு மெஷின் தேவையில்லை, தராசு போதும். அம்மாச்சியின் பித்தளைக் குடம், ஸ்டோரில் கழித்த இரும்பு, உடைந்த கத்தி எல்லாம் கிலோ கணக்கில் போனது. 2022 நெருக்கடியில், இருந்த மிச்சமும் போனது. அவரைக் குறை சொல்லவில்லை, வீட்டில் அரிசி இல்லாதபோது யாரும் குடத்தை வைத்துக்கொண்டு வரலாறு பேச மாட்டார்கள். ஆனால் இன்றைக்கு மண்ணில் மிச்சம் இருப்பது அவர் கண்ணுக்குத் தப்பியது மட்டும்தான்.

இப்போது லயங்களை உடைத்துத் தனி வீடு கட்டுகிறார்கள். கட்டத்தான் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை அருங்காட்சியகமாக்கி அதற்குள்ளேயே சனத்தை இருக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தில் தோட்டத் தொழிலாளருக்கென்று அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், அது நல்ல முயற்சி. ஆனால் ஒவ்வொரு அத்திவாரக் கிடங்கும் ஒரு தடவைதான் திறக்கும். பெக்கோ மண்ணைப் புரட்டும் அந்த இரண்டு நாளில் யாரும் பார்க்காவிட்டால், அதன்மேல் கொங்கிறீட் விழுந்துவிடும்.

மெஷினோடு கிளம்பச் சொல்லவில்லை. அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். அதைவிட முக்கியம், ரோதமுனிக்கும் முனியாண்டிக்கும் நட்டுவைத்த சூலமும் அரிவாளும் புதைந்த இடங்கள் இருக்கின்றன. அவை தொலைந்தவை இல்லை, கொடுத்தவை. அங்கே கை வைக்கக் கூடாது. நான் கேட்பது சின்ன விஷயம்: ஏதாவது தற்செயலாகக் கிடைத்தால் எந்த லயம், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். போனில் ஒரு படம் எடுங்கள். ஹொக்ஸ்னில் அந்த மனுஷன் தோண்டி எடுத்துக்கொண்டு ஓடாமல் ஆட்களைக் கூப்பிட்டதால்தான் பெட்டிக்குள் எது எங்கே இருந்தது என்பது வரைக்கும் இன்றைக்குத் தெரியும். தேடிப்போன சுத்தியலும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரு சாதாரண சுத்தியலுக்கு அந்த மரியாதை கிடைக்கும் என்றால், எங்கள் மம்பட்டிக்கு ஏன் கிடைக்காது?

இன்னொன்று. தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

ஸ்கேனர் விசாரித்த பொடியன்களிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப தங்கம் இல்லையா அக்கா?" என்று ஒருத்தன் கேட்டான். இல்லை என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்து, தங்கள் வீட்டு அத்திவாரத்தில் வந்த ஒரு தேய்ந்த கத்தியைக் காட்டினான். பிடி இல்லை, அலகு பாதிதான். எங்கே கிடைத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். சித்தப்பாவின் ஐந்து சதத்துக்குப் பிறகு என் கொப்பியில் அதுதான் இரண்டாவது பதிவு.