நோயாளியிலிருந்து உறவினருக்கு: இருமுனையப் பிறழ்வின் மூளைப்பட ஆய்வு வரலாறு

இருமுனையப் பிறழ்வு தனி நோயாக நிலைபெற்றதே குடும்ப வரலாற்றால்தான். 1966இல் சுவிட்சர்லாந்தில் ஜூல்ஸ் ஆங்ஸ்டும் சுவீடனில் கார்லோ பெரிஸும் தனித்தனியே நோயாளிகளின் உறவினர்களை ஆராய்ந்து, மனவெழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இந்நோயை மனச்சோர்வு நோயிலிருந்து பிரித்துக் காட்டினர். பொதுமக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வருவது, நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு வருகிறது. 2003இல் பீட்டர் மெக்கஃபின் குழுவினர் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு, மரபின் பங்கை 85 விழுக்காடு என மதிப்பிட்டது.

இவ்வளவு மரபு சார்ந்த நோயின் தடம் மூளையில் எங்கே இருக்கிறது? சி.டி. ஸ்கேன் காலத்தில் கிடைத்த விடை மங்கலானது: மூளையறைகள் சிலரிடம் சற்றே விரிந்திருந்தன. 1997இல் வெய்ன் டிரெவெட்ஸ் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரைதான் துறையை உலுக்கியது. குடும்பத்திலும் நோய் உள்ள நோயாளிகளையே அவர்கள் தேர்ந்தெடுத்தனர். முன்மூளையின் உட்புறத்தில் ஒரு சிறு பகுதியில் சாம்பல்நிறப் பொருள் 39 விழுக்காடு குறைந்திருந்தது என்றனர். பிற்காலப் பெரிய ஆய்வுகள் எதிலும் இத்தனை பெரிய இடைவெளி தென்படவில்லை. ஆனாலும், நோய் என்றால் மூளையில் ஏதோ குறைந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பு அதன் பிறகு வேரூன்றிவிட்டது.

அந்த எதிர்பார்ப்பைக் குழப்பியது, இந்நோய்க்குத் தரப்படும் மருந்தான லித்தியம். 2000இல் ‘லான்செட்’ இதழில் கிரிகரி மூர் குழுவினர் தெரிவித்த முடிவு இது: நான்கு வாரம் லித்தியம் உட்கொண்ட பத்து நோயாளிகளில் எட்டுப் பேருக்குச் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது. அப்படியானால் ஒரு நோயாளியின் படத்தில் தெரிவது பிறவியிலேயே வந்ததா, நோய் தின்றதா, மருந்து சேர்த்ததா? மூன்றையும் பிரிக்க ஒரு வழி, நோயும் மருந்தும் தீண்டாத உறவினரைப் படமெடுப்பது. 2004இல் லண்டனில் கோல்ம் மெக்டொனால்டு குழுவினர், மனச்சிதைவு நோயாளிகளையும் இருமுனைய நோயாளிகளையும் அவரவர் உறவினர்களோடு சேர்த்து ஆராய்ந்தது இவ்வழியில்தான்.

வியப்பு 2013இல் வந்தது. ஹாலிஃபாக்ஸ், பிராக் ஆகிய இரு நகரங்களிலும் தொமாஷ் ஹாயெக் குழுவினர் நோயாளிகளின் பிள்ளைகளைப் படமெடுத்தனர். உந்துதல்களை அடக்குவதில் பங்குள்ள வலப்புறக் கீழ் முன்மூளை மடிப்பு, நோய் வராத பிள்ளைகளிடம் சிறுத்திருக்கவில்லை, பெருத்திருந்தது! நோய் தொடங்கிய புதிதிலும் அப்படியே. நோயோடு ஆண்டுகள் கூடக்கூட அது சுருங்கியது. லித்தியம் அதிகம் எடுக்காத நெடுநாள் நோயாளிகளிடம் இயல்பளவுக்கும் கீழே போயிருந்தது. ஒரே மடிப்பில் எதிரெதிரான இரண்டு கதைகள். நோயாளிகளை மட்டும் பார்த்திருந்தால் முதற்கதை நமக்குத் தெரிந்தே இராது.

ஓரிரு குழுக்களின் முடிவை நம்பிவிட முடியாது என்ற தயக்கத்துக்கு 2019இல் மூளைப்பட ஆய்வுக் குழுக்களின் எனிக்மா கூட்டமைப்பு ஓரளவு விடை தந்தது. 34 குடும்ப ஆய்வுகளின் 6008 பேரை ஒன்றுசேர்த்து சோனியா டி ஸ்வார்ட்டா குழுவினர் கணக்கிட்டபோது, இருமுனைய நோயாளிகளின் 852 நெருங்கிய உறவினருக்கு மண்டையோட்டு உட்கொள்ளளவு சராசரியைவிடச் சற்றே மிகுந்திருந்தது. மனச்சிதைவு நோயாளிகளின் உறவினரிடமோ மூளை அளவுகள் குறைந்தே காணப்பட்டன. மண்டையோடு பெரும்பாலும் சிறுவயதிலேயே வளர்ந்து முடிவதால், இரு நோய்களின் குடும்பப் பாதைகளும் நோய் தலைகாட்டும் முன்பே பிரிந்திருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. மரபணுக்கள் பலவற்றை இரண்டும் பகிர்ந்துகொள்வதை நினைத்தால் இந்தப் பிரிவு கூடுதல் கவனத்துக்குரியது.

ஆனால் அந்த மிகுதி எவ்வளவு? திட்ட விலக்கத்தில் 0.16 பங்கு. உறவினரின் அளவுகளையும் மற்றவரின் அளவுகளையும் இரு வளைவுகளாக வரைந்தால் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஒன்றன்மேல் ஒன்று படியும். தாய்க்கு இந்நோய் உள்ள ஒரு சிறுமியின் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து அவளுக்கு நோய் வருமா என்று சொல்ல இது உதவாது. 2017இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள், நோயாளிகளின் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, ஐந்தாண்டுக்குள் நோய் வரும் வாய்ப்பைக் கணிக்கும் முறையொன்றை வெளியிட்டனர். பிள்ளையின் பதற்றம், மனநிலை ஊசலாட்டம், அன்றாடச் செயல்திறன், பெற்றோருக்கு நோய் தொடங்கிய வயது போன்றவை அதில் உண்டு, மூளைப்படம் இல்லை.