மக்பெத்தும் மகபதியும் எங்கள் ஊர்ப்பக்கத்துத் துரியோதனனும்

மலர்க் குழு நண்பர்கள் "நீங்க வரலாறு படிச்சவர், ஏதாவது எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். மரக்காணம் உப்பளக் கரையிலுள்ள கீழ்புத்துப்பட்டில் பிறந்து, நம் கல்லூரியில் மூன்றாண்டு பெஞ்சைத் தேய்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஆங்கில வகுப்பில் 'மக்பெத்' நாடகம் படித்தவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். ஆசை அழிவைத் தரும் என்று நாலு பக்கம் எழுதினால் மார்க் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் உப்பளத்துப் பிள்ளைகளிடம் பெரியவர்கள் சொல்வதும் இதேதான்: "ரொம்ப ஆசைப்படாதேடா தம்பி." இரண்டும் ஒரே பாடமா? அதைத்தான் இங்கே கொஞ்சம் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் நிஜ மக்பெத். ஸ்காட்லாந்தில் அப்படி ஓர் அரசர் இருந்தது உண்மை. 1040-இல் டங்கன் மன்னரைப் போரில் வென்று பட்டத்துக்கு வந்தார். டங்கனும் நாடகத்தில் வருவதுபோல் முதியவர் அல்லர். மக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டார். 1050-இல் ரோமாபுரிக்கு யாத்திரை போய்த் திரும்பினார். அவ்வளவு தூரம் நாட்டை விட்டுப் போய்வர முடிந்ததென்றால் ஆட்சி உறுதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். 1057-இல் டங்கன் மகன் மால்கமுடன் நடந்த போரில் மாண்டார்.

ஷேக்ஸ்பியர் 1606 வாக்கில் நாடகத்தை எழுதியபோது ஹாலின்ஷெட் என்பவரின் சரித்திர நூலைத்தான் ஆதாரமாகக் கொண்டார். அந்நூலில் டஃப் என்ற வேறொரு மன்னரின் கதை வருகிறது. கோட்டையில் விருந்தாளியாகத் தங்கிய மன்னரை, மனைவியின் தூண்டுதலால் கோட்டைத் தலைவனே உறக்கத்தில் கொல்லச் செய்கிறான். அந்தக் கொலையை எடுத்து மக்பெத் தலையில் கட்டிவிட்டார் நாடக ஆசிரியர்! காரணம் இருக்கிறது. போர்க்களத்தில் அரசனை வென்று அரசனாவது அந்தக் காலத்து நடப்பு. வீட்டுக்கு வந்த விருந்தாளியை, சொந்தக்காரரை, தனக்குப் பட்டம் கொடுத்தவரைத் தூக்கத்தில் கொன்றால்தான் அது பாவம் என்று ஜனங்களுக்கு உறைக்கும்.

இந்த நாடகம் தமிழுக்கும் வந்தது. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) இதை 'மகபதி' என்று தமிழாக்கினார். ஹாம்லெட் அவர் கையில் 'அமலாதித்யன்' ஆனது. வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர் அவர். படித்தவர்கள் மேடை ஏறுவது கேவலம் என்றிருந்த காலத்தில் மேடை ஏறியவர். புதுச்சேரியில் 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளும் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர்தான்.

ஆனால் மகபதி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சரக்கு எங்கள் தென்னார்க்காட்டுச் சீமையில் இருந்தது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதம் படித்து, ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து ஆடுவார்கள். கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் குரல் கொடுத்தால் தூங்குகிற பிள்ளையும் எழுந்து உட்காரும். முடிவில் படுகளம். திடலில் மண்ணால் துரியோதனனைப் பெரிய உருவமாகப் படுக்கப் போட்டிருப்பார்கள். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பார். பாஞ்சாலி கூந்தலை முடிப்பாள். பிறகு தீமிதி. அடித்தும் ஆயிற்று, பழியும் தீர்ந்தது, ஆனாலும் அந்த மண் உருவத்துக்காக ஒப்பாரி வைப்பதும் சடங்கில் உண்டு. கெட்டவன்தான், ஆனாலும் நம்ம வீட்டுப் பிள்ளை என்கிற மனசு.

இரண்டு பேருக்கும் வித்தியாசம் உண்டு. மக்பெத் செய்யப்போவது தப்பென்று தெரிந்து தவித்து, பிறகும் செய்கிறான். அன்றோடு தூக்கம் போயிற்று. துரியோதனனுக்குக் கடைசிவரை அந்தத் தவிப்பு இல்லை.

ஒற்றுமையைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். இரண்டு பேருமே இல்லாதவர்கள் அல்ல. மக்பெத் கிளாமிஸுக்குப் பிரபு. காடர் பட்டமும் மன்னர் கொடுத்தாயிற்று. துரியோதனனிடம் முழு ராஜ்யமும் இருந்தது. பாண்டவர் ஐந்து ஊர் கேட்டதற்கு ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்றான். நிரம்ப வைத்திருந்தவர்கள், அடுத்தவன் பங்கின்மேல் கை வைத்ததுதான் இரண்டு கதையும். முதல் கொலைக்கு அத்தனை தயங்கிய மக்பெத், நண்பன் பாங்கோவையும் மக்டஃபின் மனைவி மக்களையும் கொல்ல ஆள் அனுப்புகிறபோது அவ்வளவு யோசிக்கவில்லை. முதல் தப்புதான் கஷ்டம். அப்புறம் வழுக்கிக்கொண்டு போகும்.

ஆகவே, வெயிலில் பாத்தி மிதித்து உப்பு வாருகிறவரின் பிள்ளை காலேஜ் படிக்க ஆசைப்படுவதற்கும் மக்பெத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தப் பிள்ளை யார் பங்கையும் எடுக்கவில்லை. இன்று இங்கே படிக்கிற தம்பி தங்கைகளே, நன்றாக ஆசைப்படுங்கள்!

இந்த நாடகம் எச்சரிப்பது, பழைய மாணவர்களாகிய நம்மைத்தான். அதிகாரியாக, காண்ட்ராக்டராக, நிர்வாகியாக நம்மில் பலர் இன்று நாற்காலியில் இருக்கிறோம். கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறோம். வீட்டில் இருப்பது போதாதென்று தோன்றும்போது, அடுத்து வருவது யாருடைய பங்கு என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

வருகிற கோடையில் எங்கள் பக்கம் வருகிறவர்கள், எந்த ஊரில் பாரதக் கூத்து என்று விசாரித்துவிட்டு வாருங்கள். முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்து, விடிய விடியப் பார்க்கலாம்.