வழக்கறிஞர் வாசலில் நம் பிள்ளைகள்

ஈப்போவிலிருந்து தெற்கு நோக்கிச் சிறிது தொலைவு பயணம் செய்தால் பத்து காஜா வந்துவிடும். மலாய் மொழியில் அப்பெயருக்கு 'யானைக்கல்' என்பது பொருள். ஈயமும் ரப்பரும் கிந்தாப் பள்ளத்தாக்கை வளப்படுத்திய காலத்தில், ஆங்கிலேயர் இவ்வூரையே கிந்தா மாவட்ட ஆட்சியின் தலைமையிடமாகக் கொண்டனர். 1892ஆம் ஆண்டில் எழுந்த அரசாங்க அலுவலகமும் நீதிமன்றமும் கொண்ட கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. மருத்துவமனையும் சிறைச்சாலையும் இவ்வூரிலேயே அமைந்தன. சுற்றியிருந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் முன்னோர், நோய் வந்தாலும் வழக்கு வந்தாலும் இவ்வூருக்கே வந்தனர்.

அந்த நீதிமன்றத்தினுள் தமிழன் முதலில் எந்த நிலையில் நுழைந்தான் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவனாக நுழைந்தான், சாட்சியாக நுழைந்தான், ஓரளவு ஆங்கிலம் கற்றவன் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் நுழைந்தான். ஒப்பந்தக் கூலி முறை நிலவிய நாளில், ஒப்பந்தத்தை முறித்துத் தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளி குற்றவாளியாகவே கருதப்பட்டான். அம்முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆனால் அந்த அச்சம் லயத்து வீடுகளை விட்டு எளிதில் அகலவில்லை. சட்டம் என்றாலே தண்டனை என்று எண்ணிய ஒரு சமுதாயத்திலிருந்து, சட்டத்தைக் கற்று வாதாடும் ஒருவர் தோன்றுவதற்கு எத்தனை வாசல்களைக் கடக்க வேண்டியிருந்தது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. என்னிடம் தமிழ் பயின்று, பின்னர்ச் சட்டப் பட்டம் பெற்ற மாணவி ஒருத்தி ஒருநாள் என் வீட்டிற்கு வந்தாள். அவளுடைய பாட்டி இப்பகுதித் தோட்டமொன்றில் பால்வாளி சுமந்தவர். பயிற்சி வழக்கறிஞராகச் சேர்வதற்குப் பதினெட்டு வழக்கறிஞர் நிறுவனங்களுக்கு அவள் விண்ணப்பம் எழுதியிருந்தாள். ஆறு நிறுவனங்கள் இடமில்லை என்று மறுமொழி அனுப்பின. பன்னிரண்டு நிறுவனங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. "ஐயா, என் மதிப்பெண்ணைப் பார்த்து வேண்டாம் என்றார்களா, என் பெயரையும் முகவரியையும் பார்த்து வேண்டாம் என்றார்களா?" என்று கேட்டாள். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. வரலாற்றைப் புரட்டிய பிறகே சிலவற்றைக் கூறும் தகுதி பெற்றேன்.

முதல் வாசல் மொழியாக இருந்தது. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. நம் தமிழ்ப் பள்ளிகள் பல அவ்வாறு தோன்றியவையே. ஆயினும் தோட்டப் பள்ளியில் தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றுவிடும். சட்டமோ ஆங்கிலத்தில் இருந்தது. ஈப்போவில் 1909இல் ஆண்டர்சன் பள்ளியும், 1912இல் செயின்ட் மைக்கேல் பள்ளியும் தொடங்கப்பட்டன. தோட்டத்துப் பிள்ளைக்கு அவை தொலைவில் இருந்தன. கட்டணமும் தொலைவும் சேர்ந்து கதவை அடைத்தன.

இரண்டாம் வாசல் கடலுக்கு அப்பால் இருந்தது. உள்நாட்டில் சட்டக் கல்வி இல்லாத காலத்தில், வழக்கறிஞராக விரும்பியவர் பெரும்பாலும் லண்டன் மாநகருக்குக் கப்பலேறி, அங்குள்ள நான்கு பழைய சட்டச் சங்கங்களுள் ஒன்றில் சேர வேண்டும். வசதி படைத்தோரின் பிள்ளைகளே அவ்வாறு செல்ல முடிந்தது. 1957ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத் துறை முதல் மாணவர்களைச் சேர்த்தது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப்புலம் 1972இல் தோன்றியது. கப்பல் கட்டணம் இல்லாமலே சட்டம் கற்கலாம் என்ற நிலை வந்து இன்னும் முழுமையாக எழுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

மூன்றாம் வாசலே இன்று நம் பிள்ளைகள் நிற்கும் வாசல். 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற்சட்டம் 1977 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பட்டம் பெற்றவர் ஒன்பது மாதங்கள் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். பேச்சு வழக்கில் இதனைச் 'சேம்பரிங்' என்பர். பயிற்றுவிப்பவர் ஏழாண்டுகளுக்குக் குறையாமல் தொழில் நடத்தியவராக இருத்தல் வேண்டும். ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் அவர் சேர்த்துக்கொள்ளலாகாது. பயிற்சிக் காலத்தில் தனி அனுமதியின்றி வேறு வேலை பார்த்தலும் கூடாது. மூத்தவர் தரும் ஊதியமே வருவாய். தந்தையின் கூலியில் படித்து முடித்த பிள்ளைக்கு இந்த ஒன்பது மாதங்கள் எத்துணைக் கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை. மாணவப் பருவத்திலேயே விடுமுறைப் பயிற்சிக்காகக் கதவு தட்டுவோருக்கும் இத்தகைய இடர்ப்பாடுகளே எதிர்ப்படுகின்றன.

இவ்விதிகளை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மறுப்புகளுள் பல வெறும் கணக்கே. ஒரு சிறு நகரத்து அலுவலகத்தில் இருக்கும் இரண்டு வழக்கறிஞர்களும் ஏழாண்டை எட்டாதவர்களாக இருக்கலாம். அல்லது இருக்கும் இடங்கள் முன்னரே நிரம்பியிருக்கலாம். ஆயினும் எல்லா மறுப்பும் கணக்கன்று. அறிந்தவர் பிள்ளைக்கு இடம் ஒதுக்குவோரும், பெயரையும் முகவரியையும் பார்ப்போரும் உலகில் உண்டு. மடலை மட்டும் வைத்துக்கொண்டு இது எந்த வகை மறுப்பு என்று கண்டறிய இயலாது. எனவே மறுப்பு மடலை நம் தகுதியின் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இந்தத் தொழிலின் பெரியோர் வாழ்வும் இதையே காட்டுகிறது. காந்தியடிகள் 1891 ஜூன் மாதத்தில் லண்டனில் பாரிஸ்டரானார். பம்பாயில் தமக்குக் கிடைத்த முதல் வழக்கில் சாட்சியை விசாரிக்க எழுந்தவர், நா எழாமல் அமர்ந்துவிட்டார். பின்னர் எழுபத்தைந்து ரூபாய் ஊதியத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் பகுதிநேர வேலைக்கு விண்ணப்பித்தார். பட்டதாரி அல்லர் என்று சொல்லி அப்பள்ளி அவரை ஏற்க மறுத்தது. தென்னாப்பிரிக்காவில் 1894ஆம் ஆண்டு நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிய முயன்றபோது, அங்கிருந்த சட்டச் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. வெள்ளையரல்லாதாரை விதி கருதவில்லை என்பது அதன் உட்பொருள். தலைமை நீதிபதி அந்த எதிர்ப்பைத் தள்ளி அவரை ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் சில மாதங்களில் நிகழ்ந்தது தமிழர் மறக்கலாகாத செய்தி. முதலாளியால் அடிக்கப்பட்டு, வாயில் குருதி வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி ஒரு தமிழ்த் தொழிலாளி காந்தியடிகளின் அலுவலகத்திற்கு வந்து அழுதான். அவன் பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலியாக வந்தவன் முதலாளியை விட்டு நீங்கினால் சிறைக்குப் போக வேண்டிய நாட்டில், அவனை வேறொரு முதலாளியிடம் மாற்றிக் காத்தார் அந்த இளம் வழக்கறிஞர். பம்பாயில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்தாம், நம் பாட்டன்மாரைப் போன்ற ஒரு கூலிக்குத் துணையாக நின்றவர்.

வ.உ. சிதம்பரனார் வரலாறு வேறொரு வகையானது. அவர் பெற்ற உரிமையே பறிக்கப்பட்டது. 1908ஆம் ஆண்டுத் தண்டனைக்குப் பின் அவருடைய வழக்கறிஞர் உரிமம் நீக்கப்பட்டது. 1912 இறுதியில் சிறையிலிருந்து வெளிவந்த அவர் வறுமையில் உழன்றார். சிறு வணிகம் செய்து பார்த்தார். தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். பின்னர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமத்தை மீளப் பெற்றார். அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். அடைத்த கதவையும் அதனைத் திறக்க உதவிய கையையும் பிரித்தறிந்து நன்றி பாராட்டிய அவருடைய உள்ளம் நமக்குப் பாடமாகும்.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. அமெரிக்காவில் சாண்ட்ரா டே ஓ'கானர் என்னும் பெண்மணி 1952இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். ஏறத்தாழ நாற்பது நிறுவனங்கள் பெண் என்ற ஒரே காரணத்தால் அவரை நேர்காணவும் மறுத்தன. ஒரு நிறுவனம் செயலாளர் வேலை தருவதாகச் சொல்லிற்று. அவர் ஒரு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில், தொடக்கத்தில் ஊதியமின்றிப் பணியாற்றச் சம்மதித்தார். 1981இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். ஊதியமின்றி உழைக்க அவரால் முடிந்தது. நம் பிள்ளைகள் எல்லாருக்கும் முடியாது. இந்த வேற்றுமையை மறைத்துவிட்டு அவரை மட்டும் எடுத்துக்காட்டாகச் சொல்வது நேர்மையாகாது.

நம் பேராக் மண்ணிலேயே ஈப்போ வழக்கறிஞர் டி.ஆர். சீனிவாசகம் வாழ்ந்தார். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றி, லண்டனில் சட்டம் பயின்று வந்தவர், தமையனார் எஸ்.பி. சீனிவாசகமும் வழக்கறிஞரே. 1953இல் தோன்றிய பேராக் முற்போக்குக் கட்சியை வளர்த்து, நாடாளுமன்றத்தில் ஓங்கிக் குரல் கொடுத்தார். ஏழை எளியவர் அவருடைய வாசலை நம்பிச் சென்றனர். 1969 மார்ச் மாதத்தில் அவர் மறைந்தார். ஈப்போவில் ஒரு பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு வழக்கறிஞர் அறையின் வாசல் எளியோருக்குத் திறந்திருந்தால் ஊர் அதனை எத்தனை காலம் நினைவில் வைத்திருக்கும் என்பதற்கு அதுவே சான்று.

இனி, தமிழாசிரியர்கள் செய்யக்கூடியது என்ன? சட்டம் பயிலும் மாணவனுக்கு முதலில் நீதிமன்றத்தைக் காட்டலாம். வழக்கு விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடப்பது. பின்னிருக்கையில் அமைதியாக அமர்ந்து கேட்க யார்க்கும் தடையில்லை. அடுத்து, விண்ணப்பத்தைத் திருத்தித் தரலாம். ஒரே மடலைப் பதினெட்டுப் பேருக்கு அனுப்புவதைவிட, அந்த நிறுவனம் எவ்வகை வழக்குகளை நடத்துகிறது என்றறிந்து, தான் ஏன் அங்கே வர விரும்புகிறான் என்பதை நான்கு வரியில் தெளிவாக எழுதுவது நன்று. மறுமொழி வராவிட்டால் இரண்டு வாரம் கழித்துப் பணிவோடு நினைவூட்டலாம். பெருநகரத்தை மட்டும் நோக்காமல், சிறுநகரத்து வழக்கறிஞரையும் நாடலாம். மறுத்தவருக்கும் நன்றி எழுதலாம். அடுத்த ஆண்டு அதே கதவைத் தட்ட நேரலாம்.

நம் சமுதாயத்து மூத்த வழக்கறிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இடமில்லையானால் இடமில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியும் வராத வீட்டில் ஒரு பிள்ளை பல நாள் உறங்காமல் இருக்கிறது.

திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தை அடுத்து இடுக்கண் அழியாமையை வைத்தார். முயற்சியைச் சொன்னவர், முயற்சி உடனே பலிக்காதபோது உள்ளம் உடையாதிருத்தலையும் உடன் சொல்ல வேண்டும் என்று கருதினார் போலும். முயல்க என்று மட்டும் மாணவர்க்குச் சொல்லி நிறுத்திவிடும் நாம், அந்த இரண்டாம் பாடத்தைப் பல வேளைகளில் நடத்தாமலே விட்டுவிடுகிறோம்.

என் மாணவி அதன்பின் மேலும் ஐந்து மடல்கள் எழுதினாள். ஒரு சிறிய ஊரில், இருவர் மட்டுமே பணியாற்றும் அலுவலகம் ஒன்று அவளை ஏற்றுக்கொண்டது. நீதிபதியின் முன் அவள் வழக்கறிஞராக ஏற்கப்பட்ட நாளில், தோட்டத்தில் பால்வாளி சுமந்த அவளுடைய பாட்டி முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ஆங்கிலத்தில் என்ன சொன்னார்கள் என்று பாட்டி கேட்டார். பேத்தி தமிழில் சொன்னாள். அன்று அந்த மன்றத்தில் மொழிபெயர்த்தவள், கறுப்பு அங்கி அணிந்த வழக்கறிஞராக இருந்தாள்.