லீற்றர் கணக்கில் ஒரு வரலாறு

ஐம்பதைக் கடந்தபின் மீண்டும் மோட்டார் சைக்கிள் வாங்க எண்ணும் நண்பர்கள் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. எங்கள் தலைமுறைக்கு அந்தத் தெரிவைக் கற்பித்தது தட்டுப்பாடே.

1990 இல் போர் மீண்டும் மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. குடாநாட்டில் பெற்றோல் அருகியது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்நாளில் கைகொடுத்தவை, ஜப்பானில் 1958 இல் அறிமுகமான ஹொண்டா கப் வழிவந்த சிறு வண்டிகள். நிமிர்ந்து அமரலாம்; கையால் கிளச்சு பிடிக்கவேண்டியதில்லை. நோயாளிகளையும் மூட்டைகளையும் அவையே சுமந்தன.

2022 இல் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரே கிடைத்தது. அப்போது தென்னிலங்கையும் அதே பாடத்தைப் படித்தது.

ஆகவே, நெடும்பயணத்துக்கும் முதுகு நோகாத, பாரம் குறைந்த, எரிபொருளைச் சிக்கனமாகக் குடிக்கும் வண்டியையே தேர்ந்தெடுங்கள். தட்டுப்பாட்டு நாளிலும் வீடு திரும்ப வைப்பது அதுவே.