கொள்ளைநோய்க் காலத்தில் பெங்களூர்த் தமிழர் பிழைப்பு

பெங்களூர் மாநகரில் தமிழ் மக்கள் வாழ்ந்து வரும் வரலாறு நெடியது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு அல்சூர்ப் பகுதியில் வந்து தங்கிய காலத்தில், அப்படையைத் தொடர்ந்து சிப்பாய்களும், சமையற்காரரும், சலவைத் தொழிலாளரும், கொத்தனாரும், மளிகை வணிகரும் வந்து குடியேறினர். படைவீடு இருந்த பகுதியைத் 'தண்டு' என்றும், பழைய நகரத்தைப் 'பேட்டை' என்றும் நம் முன்னோர் வழங்கினர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு வரை இருப்புப்பாதை போடப்பட்ட பின்னர், வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருவோர் தொகை மேலும் பெருகிற்று.

ஆண்டு மலர்களில் இவ்வரலாற்றின் பெருமைப் பக்கமே மிகுதியாக எழுதப்படுகின்றது. ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் கல்விக்கு அறம் செய்ததை எழுதுகின்றோம். கோயில்களைப் பற்றி எழுதுகின்றோம். திருவள்ளுவர் சிலை 2009இல் அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்டதை எழுதி மகிழ்கின்றோம். எழுத வேண்டியவையே. ஆயினும், உழைத்து உண்ணும் குடும்பங்களின் பிழைப்பு ஒரே நாளில் நின்றுபோன காலங்களும் இவ்வரலாற்றில் உண்டு. அவற்றைப் பற்றி ஈண்டுச் சிறிது கூற விழைகின்றோம்.

1896ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக் என்னும் கொள்ளைநோய், இருப்புப்பாதை வழியே தெற்கு நோக்கிப் படர்ந்தது. ஹூப்ளியை வாட்டிய அந்நோய் 1898 ஆகஸ்டில் பெங்களூரை எட்டிற்று. அதன் பின்னர் இந்நகரம் பட்ட பாட்டை மக்கட்கணக்கே காட்டும். 1891ஆம் ஆண்டுக் கணக்கின்படி பேட்டையும் தண்டும் சேர்ந்து 1,80,366 பேர் இருந்தனர். 1901இல் அத்தொகை 1,59,046 ஆகக் குறைந்தது. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தண்டுப் பகுதி மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் இழந்தது. நோயில் மாண்டவர் ஒருபுறம். அஞ்சி ஊரை விட்டு அகன்றவர் மற்றொருபுறம். வளரும் நகரம் ஒன்று பத்தாண்டு கழித்து எண்ணும்போது சுருங்கியிருந்தது என்றால், எத்தனை கடைகள் அடைபட்டிருக்கும், எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்திருக்கும் என்பதை நாமே உய்த்துணரலாம்.

அக்காலத்தில் மைசூர் அரசின் திவானாக இருந்தவர் கு. சேஷாத்ரி ஐயர். பிளேக் தடுப்புப் பணியை மேற்பார்க்கும் பொறுப்பு வி. பி. மாதவராவிடம் ஒப்படைக்கப்பட்டது. நோய் கண்ட வீடுகளில் கூரை ஓடுகளைப் பிரித்து வெயில் படச் செய்தனர். சுவர்களுக்கு மருந்துநீர் தெளித்தனர். உடுதுணியையும் படுக்கையையும் எரித்தனர். வீட்டாரை ஊர்ப்புறத்து முகாம்களுக்குக் கொண்டு சென்றனர். அதிகாரிகள் வேண்டுமென்று கொடுமை செய்தனர் என்று நாம் கூறவில்லை. நோயின் காரணம் அன்று தெளிவாக விளங்கவில்லை. எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகின்றது என்று சீமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதே 1898இல் கண்டறிந்து கூறினார். எனினும், அக்கருத்தை அறிஞர் உலகம் ஏற்றுக்கொள்ள ஏறத்தாழப் பத்தாண்டு ஆயிற்று. அதுவரை அழுக்கும் காற்றோட்டமின்மையுமே குற்றவாளிகள். ஏழையின் பாயும் போர்வையும் நெருப்புக்கு இரையாயின. தானிய மண்டிகளிலோ எலிகள் சுகமாக வாழ்ந்துகொண்டிருந்தன.

இதனினும் கடுமையாகப் பிழைப்பைப் பாதித்தது பயணத்தடை. சென்னை மாகாண அரசு 'பிளேக் பாஸ்போர்ட்' என்ற அனுமதிச்சீட்டு முறையைக் கொண்டு வந்தது. நோய் கண்ட ஊரிலிருந்து வருவோர் இரயில் நிலையத்தில் மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும். பெயரும் போகும் ஊரும் எழுதிய சீட்டைப் பெற்று, சென்று சேர்ந்த ஊரில் பத்து நாட்கள் நாள்தோறும் அதிகாரி முன் போய் நிற்க வேண்டும். தண்டில் கூலிவேலை செய்து மாதந்தோறும் ஆம்பூருக்கோ ஆரணிக்கோ பணம் கொண்டு செல்லும் ஒரு தொழிலாளியின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து நாள் காலைப்பொழுது சாவடியில் கழிந்தால் அவனை யார் வேலைக்கு அழைப்பர்? வசதி படைத்தோர்க்கு அது ஒரு தொல்லை. அன்றாடங்காய்ச்சிக்கோ அது பத்து நாள் கூலி.

ஒன்றை இங்கே குறிப்பிடல் வேண்டும். பிளேக் காலத்தில் வேலை இல்லாமற் போனது ஒரு பாதி. வேலைக்கு ஆள் இல்லாமற் போனது மறு பாதி. பம்பாயில் இலட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடிய பின்னர், ஆலை முதலாளிகள் தெருமுனைகளில் ஆள் வைத்துத் தொழிலாளரை ஏலம் எடுப்பது போல் அழைத்தனர். மாதக் கூலியை நிறுத்தி வைத்திருந்தவர்கள் அன்றன்று கூலி கொடுக்கலாயினர். ஊருக்குப் போய்விட்ட தொழிலாளியின் மதிப்பு அவன் போன பிறகே முதலாளிக்கு விளங்கிற்று. இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் இது பயன்படும்.

பிளேக்கினால் பெங்களூருக்கு விளைந்த நன்மைகளையும் மறைத்தல் தகாது. நெருக்கடியான பேட்டையிலிருந்து மக்களை வெளியேற்றும் நோக்கில் பசவனகுடியும் மல்லேசுவரமும் அகன்ற தெருக்களோடு உருவாயின. விக்டோரியா மருத்துவமனை 1900 டிசம்பரில் கர்சன் பிரபுவால் திறந்து வைக்கப்பட்டது. தண்டில், எலி புகாத வீடுகள் கொண்ட பகுதியாகப் பிரேசர் டவுன் 1906க்குப் பின் எழுந்தது. இந்த வேலைகளில் தமிழ்க் கொத்தனார்களுக்கும் கல்தச்சர்களுக்கும் கூலி கிடைத்தது உண்மை. ஆனால் அவர்கள் கட்டிய வீடுகளில் அவர்கள் குடியேறவில்லை.

1918ஆம் ஆண்டு இன்புளுயன்சா வேறு வகையானது. போருக்குச் சென்ற படைகள் திரும்பி வந்த வழியே பரவிய அந்நோய், இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைச் சில மாதங்களில் கொண்டு சென்றது. அதே ஆண்டு மழையும் பொய்த்தது. அரிசி விலை ஏறிற்று. சென்னையில் செப்டம்பர் மாதம் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. எனினும் அப்போது எல்லைச் சாவடிகள் அவ்வளவாக இல்லை. நோயுற்றவன் படுத்தான், பிழைத்தவன் எழுந்து வேலைக்குப் போனான். அதனால்தானோ என்னவோ, பிளேக்கைப் போல் அது நினைவில் நிற்கவில்லை. பெங்களூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் உண்டு, இன்புளுயன்சாவுக்கு இல்லை.

இனி நம் கண்முன் நிகழ்ந்த காலத்துக்கு வருவோம். 2020 மார்ச்சு 24ஆம் நாள் நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. நான்கு மணி நேரத்துக்கு முன்னர்தான் அறிவிப்பு வந்தது. கர்நாடக அரசு அம்மாதம் 11ஆம் நாளே கோவிட் ஒழுங்குமுறைகளை வெளியிட்டிருந்தது. அவற்றுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்ட சட்டம் எது? பம்பாய்ப் பிளேக்கை அடக்க 1897இல் ஆங்கிலேயர் இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டமே. சட்டம் பழையதாக இருந்தது போலவே துன்பமும் பழைய வழியிலேயே வந்தது.

அனுமதிச்சீட்டு மீண்டும் வந்தது, இம்முறை கைப்பேசியில். ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே உள்ள எல்லை, அதுவரை நம்மில் பலர் கண்ணுக்குத் தெரியாத கோடாகவே இருந்தது. ஓசூரில் வீடும் பொம்மசந்திராவில் வேலையுமாக வாழ்ந்தவர்க்கு ஒரே நாளில் அது கோட்டைச் சுவராயிற்று. தமிழ்நாட்டுக்கு ஒரு சீட்டு, கர்நாடகத்துக்கு ஒரு பதிவு. திருமணம், மரணம், மருத்துவம் ஆகிய காரணங்களுக்குச் சீட்டு உண்டு, வயிற்றுப்பாட்டுக்கு இல்லை. விண்ணப்பித்தோர் யாவருக்கும் தடையின்றி இ-பாஸ் வழங்கத் தமிழ்நாடு அரசு 2020 ஆகஸ்ட் 17 முதல்தான் முன்வந்தது.

உணவுப்பொருள் நிலையையும் கூற வேண்டும். எந்த மாநிலத்தில் பெற்ற குடும்ப அட்டையையும் வேறு மாநிலத்தில் பயன்படுத்தும் திட்டத்தில் கர்நாடகம் 2020 ஜனவரியிலேயே சேர்ந்திருந்தது. தமிழ்நாடு சேர்ந்தது அக்டோபரில். இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களில், தருமபுரி அட்டை வைத்துக்கொண்டு சிவாஜிநகரில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் என்ன செய்யும்? தமிழ்நாட்டில் அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொடுத்தார்கள். பெற்றுக்கொள்ள அங்கே ஆள் இல்லை. இங்கே ஆள் இருந்தார், அட்டை செல்லவில்லை. இரண்டு அரசுகளும் கொடுக்க முன்வந்தன என்பதில் ஐயமில்லை. இரண்டுக்கும் இடையில் நின்றவர் கையில்தான் ஒன்றும் சேரவில்லை.

கோலார் தங்கவயலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நூறாண்டுக்கு மேல் தமிழர் உழைப்பால் நடந்த அச்சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. சுரங்கக் குடியிருப்புகளில் இருந்தோர் வீட்டை விடவில்லை, வேலையைத்தான் மாற்றிக்கொண்டனர். விடியற்காலையில் மாரிகுப்பத்தில் இரயில் ஏறிப் பெங்களூர் வந்து, காவற்காரராகவும், கடைச் சிப்பந்திகளாகவும், தையற்கூடத் தொழிலாளராகவும், அலுவலக எழுத்தர்களாகவும் உழைத்து, இரவில் வீடு திரும்புவது அவர்கள் வழக்கமாயிற்று. ஆயிரக்கணக்கானோர்க்கு அந்த இரயிலும் அதன் மாதச்சீட்டுமே இரண்டாவது சுரங்கம். 2020 மார்ச்சில் அந்த இரயில் நின்றது. பல மாதங்கள் ஓடவில்லை. ஊரடங்கு தளர்ந்து கடைகள் திறந்த பின்னரும் இரயில் இல்லை. வேன் அமர்த்தி வரலாம் என்றால், வாங்கும் சம்பளத்தில் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். இவர்களை எவரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. வந்து சேராதவர் இடத்தில் வேறொருவர் அமர்ந்தார், அவ்வளவே. இவ்வகை வேலையிழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

நகருக்குள் இருந்த சிறு தொழில்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வீழ்ந்தன. கணினி நிறுவனங்களின் ஊழியர்கள் வீட்டிலிருந்தே பணி செய்யலாயினர், அவர்கள் சொந்த ஊருக்குச் சென்றனர், விடுதிகள் காலியாயின, விடுதிக்குச் சமைத்தவர், துணி வெளுத்தவர், வண்டி ஓட்டியவர் யாவரும் வருவாய் இழந்தனர். நம்மைப் போன்ற காலனிகளிலும் 'வாடகைக்கு' என்னும் பலகைகள் மாதக்கணக்கில் தொங்கின. மாடி வாடகையை நம்பி மகனின் படிப்புக் கடனை அடைத்து வந்த ஓய்வூதியரும் இந்த வீழ்ச்சியில் ஓர் அங்கமே என்பதைப் பொருளாதார நூல்கள் எழுதுவதில்லை. திருமணங்கள் நின்றன, நாகசுரக்காரர், சமையல் ஒப்பந்தக்காரர், அழைப்பிதழ் அச்சிடுவோர் கைகட்டி இருந்தனர். கிருஷ்ணராஜ மார்க்கெட் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தது. ஓசூர்த் தோட்டங்களில் ரோஜாவைப் பறித்துக் குப்பையில் கொட்டினர்.

2020 மே 6ஆம் நாள் முதலமைச்சர் எடியூரப்பா 1,610 கோடி ரூபாய் உதவித் திட்டத்தை அறிவித்தார். சலவைத் தொழிலாளர் 60,000 பேர், முடிதிருத்துவோர் 2,30,000 பேர், ஆட்டோ, டாக்சி ஓட்டுநர் 7,75,000 பேர் ஆகியோர்க்குத் தலைக்கு 5,000 ரூபாய் என்பது அதன் ஒரு பகுதி. இத்தொழில்களைப் பெயர் சொல்லி நினைவில் கொண்ட அறிவிப்பு என்ற வகையில் அதனைப் பாராட்டுகின்றோம். ஆனால் இணையவழி விண்ணப்பமும், ஆதாரும், உரிமமும், வங்கிக் கணக்கும் கேட்கப்பட்டபோது, இரவல் வண்டி ஓட்டியவரும் பிறர் கடையில் கத்தி பிடித்தவரும் வாயிலிலேயே நின்றுவிட்டனர்.

வணிகருக்கு மத்திய அரசு தந்த உதவியும் அத்தகையதே. மூன்று இலட்சம் கோடி ரூபாய் அளவில் பிணையில்லாக் கடன் என்று மே மாதத்தில் அறிவித்தனர். முன்னரே வங்கியில் கடன் வைத்திருந்த தொழில்களுக்கே அது உரியது; நிலுவையில் ஐந்தில் ஒரு பங்கு மேலும் கிடைக்கும். பீனியாவில் பத்துப் பேரை வைத்துக் கடைசல் பட்டறை நடத்தியவருள் வங்கிக் கடன் உடையவர் மூச்சு விட்டார். கைமாற்றிலும் நகை அடகிலும் தொழில் நடத்தியவர் தொகை மிகுதி. அவர்க்கு அத்திட்டத்தில் இடமே இல்லை.

முன்னர் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டிய செய்தி இங்கே வருகின்றது. மே மாதத் தொடக்கத்தில் வடமாநிலத் தொழிலாளர் ஊர் திரும்ப இரயில்கள் விடப்பட்டன. கட்டட நிறுவனத்தாரோடு முதலமைச்சர் ஆலோசித்த பின்னர், 6ஆம் நாள் முதல் அந்த இரயில்கள் வேண்டாம் என்று மாநில அரசு இரயில்வேக்கு எழுதிற்று. எதிர்ப்பு எழுந்ததால் ஓரிரு நாட்களில் மீண்டும் இசைந்தது. இரண்டு மாதம் கூலியின்றி இருந்தபோது தேடாதவர்கள், ஊருக்குப் புறப்பட்டவுடன் தேடினர். பம்பாய் முதலாளிகள் 1897இல் தெருமுனையில் நின்று கூலியை உயர்த்திக் கேட்டனர். 2020இல் இரயிலை நிறுத்தப் பார்த்தனர். இரண்டில் பழைய முறையே நேர்மையானது என்பது நம் கருத்து.

பெங்களூரில் உள்ள அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2020 ஏப்ரல், மே மாதங்களில் நாடு முழுவதும் ஏறத்தாழப் பத்துக் கோடிப் பேர் வேலை இழந்தனர். பெரும்பாலோர் ஜூனில் வேலைக்குத் திரும்பினர். ஆண்டிறுதியிலும் ஒன்றரைக் கோடிப் பேர் வேலையின்றி இருந்தனர். திரும்பியவரும் பழைய வேலைக்கோ பழைய ஊதியத்துக்கோ திரும்பினர் என்று கொள்ளலாகாது. அவர்கள் தலையெடுக்கும் முன்னரே 2021 ஏப்ரல் 27இல் கர்நாடகத்தில் இரண்டாம் ஊரடங்கு வந்தது. முதல் அலையில் கூலி போயிற்று. இரண்டாம் அலையில் பல வீடுகளில் கூலி கொண்டு வந்தவரே போய்விட்டார்.

பிளேக்கினால் சுருங்கிய தண்டு, 1911ஆம் ஆண்டுக் கணக்கில் 1,00,834 பேரோடு தன் பழைய நிலையை மீண்டும் எட்டியது. போனவர்களும் வந்தார்கள், புதியவர்களும் வந்தார்கள் என்பதை அவ்வெண்ணிலிருந்து அறிகின்றோம். நம் காலத்துக்கு அத்தகைய எண் கிடைக்கவில்லை. 2021இல் எடுக்க வேண்டிய மக்கட்கணக்கு அந்நோயினாலேயே தள்ளிவைக்கப்பட்டது. 2027 மார்ச்சு முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு அது எடுக்கப்படும் என்று 2025 ஜூனில் அறிவித்தனர். 2020 ஏப்ரலில் மூட்டை முடிச்சோடு அத்திப்பள்ளிச் சாவடியைக் கடந்து நடந்தவர்களை, அவர்கள் அன்று இருந்த இடத்தில் வைத்து எண்ணியவர் எவரும் இல்லை.