கட்டளை வரியும் சாளரமும்: கருவி மீதான அதிகாரம் பற்றிய ஒரு குறிப்பு

கணினித் திரையின் சாளரங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. கருவியை ஆக்குவோருக்கும் அதனைக் கொண்டு உழைப்போருக்கும் இடையிலான உறவு அவ்வரலாற்றிலே பொதிந்துள்ளது.

தன்னாமுனையில், மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து, வடமோடிக் கூத்தேடு ஒன்றைப் பெயர்த்தெழுதுகையில் இதனை நாம் உணர்ந்தோம். ஏட்டின் ஒளிப்படம் இடப்புறம், எழுதும் பிரதி வலப்புறம், அகராதி கீழே என நாள்தோறும் சுட்டியால் இழுத்து ஒழுங்குசெய்ய வேண்டியிருந்தது. ‘டபிள்யூஎம்கன்ட்ரோல்’ எனும் சிறு மென்பொருளுக்கு எழுதிய நான்கு வரிக் கட்டளை அவ்வேலையை நொடியில் முடித்தது. சாளரங்களை அவற்றின் தமிழ்த் தலைப்பாலேயே அழைக்கவும் முடிந்தது.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று? 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் உருவாகத் தொடங்கிய யுனிக்ஸ் எழுத்துக் கட்டளையால் இயங்கியது. ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தின் ஆல்ட்டோ 1973இல் வரைபடத் திரையையும் சுட்டியையும் இணைத்தது. 1984இல் மக்கின்டொஷ் அம்முறையைச் சந்தையில் பரப்பியது. சொல்லின் இடத்தைப் படம் பெற்றது. பயன்படுத்துவோர் பிறர் வரைந்த பொத்தான்களுள் ஒன்றைத் தெரிவோராயினர்.

அதே 1984இல் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் தோன்றிய எக்ஸ் சாளர முறைமை வேறு வழி சென்றது. திரையில் வரைவது ஒரு நிரல். சாளரங்களுக்கு இடம் வகுப்பது மற்றொரு நிரல். கூத்து மொழியிற் கூறின், களரி வேறு, அண்ணாவியார் வேறு. அண்ணாவியாரை மாற்றலாம், வெளியிலிருந்தும் அவருக்குச் சொல் அனுப்பலாம். சாளர மேலாளர்கள் பின்னர் ஏற்ற பொது விதிகளே நமது நான்கு வரிகளுக்கு அடிப்படையாயின.

2008இல் தொடங்கிய வேலண்ட் களரியையும் அண்ணாவியாரையும் மீண்டும் ஒன்றாக்கியது. அதன் அடிப்படை விதிகளின்படி ஒரு நிரல் பிறிதொரு நிரலின் சாளரத்தைக் காணவோ நகர்த்தவோ இயலாது. இதற்குக் கூறப்படும் பாதுகாப்புக் காரணம் பொய்யன்று: எக்ஸில் ஒரு நிரலில் தட்டும் எழுத்துக்களை இன்னொரு நிரல் ஒற்றறிய முடியும். ‘ஸ்வே’ போன்றவை இன்றும் கட்டளைக்கு வழி விடுகின்றன. ஆயினும் அவ்வழி ஒவ்வோர் ஆக்குநரும் தம் விருப்பப்படி திறப்பது. பொது விதியாய் இருந்த உரிமை சலுகையாகச் சுருங்கியுள்ளது.

பாதுகாப்பையும் சுயாதீனத்தையும் எதிரெதிராக நிறுத்துதல் போதாது. எந்த நிரலுக்கு எவ்வதிகாரம் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே அடிப்படை வினா. இம்மென்பொருள்களின் மூலநிரல் திறந்தே கிடக்கின்றது. அதனை வாசிக்கும் ஆற்றல் தமிழ் ஆய்வாளரிடம் வளராதவரை, அத்தீர்மானம் நம்மைக் கேளாமலே எடுக்கப்படும்.